மொடியூல் எங்கே போயிற்று?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்த அம்பாறைக் கரையோரத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படம் அடிக்கடி வந்து விழும். கறுப்புத் திரை, பத்துப் பதினைந்து வரி ஆங்கிலம், கடைசி வரியில் ‘மொடியூல்நொட்ஃபவுண்ட்எரர்’. கீழே, “காக்கா, இது என்னெண்டு விளங்குதில்ல” என்று ஒரு வரி. பதிலும் பழகியதுதான்: “பிப் இன்ஸ்டோல் போட்டுப் பாரு.” போட்டுப் பார்ப்பார்கள். சில நேரம் சரிவரும். பல நேரம் ஏற்கனவே இன்ஸ்டோல் ஆகியிருக்கிறது என்று, பைத்தனுக்கு நூலகங்களை இறக்கித்தரும் அந்தப் பிப் சொல்லும். ப்ரொஜெக்டோ அதே மொடியூலை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு பைத்தனையே கழற்றி மறுபடி இன்ஸ்டோல் பண்ணுவது, கடைசியில் விண்டோஸையே அழித்துப் போடுவது.

வெப் ஃப்ரேம்வர்க் ஒன்றைத் தொடங்கும்போது வரும் இம்போர்ட் பிழைகள் எத்தனை வகை, அவை எங்கிருந்து பிறக்கின்றன, நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரத்தைத் தின்கின்றன என்பதை ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிழையில் மாட்டிக்கொள்பவருக்குப் பெரும்பாலும் மொழி தெரியும், தான் நிற்கும் இடம் தெரியாது. இடத்தைப் பற்றி எந்தப் பாடத்திட்டமும் சொல்லிக்கொடுப்பதில்லை.

க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தெரிவு செய்யும் மாணவர் பைத்தனைப் படிக்கிறார். நிபந்தனை, சுழற்சி, பட்டியல், சார்பு எல்லாம் வருகின்றன. எல்லாமே ஒரே கோப்புக்குள் அடங்கும் சிறு நிரல்கள். பிறகு சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கோ, அதே ஊரிலுள்ள உயர் தொழினுட்ப நிறுவகத்துக்கோ, கொழும்புக்கோ போனதும், ஜாங்கோ, ஃப்ளாஸ்க் போன்ற வெப் ஃப்ரேம்வர்க் ஒன்றில் ஒரு ப்ரொஜெக்ட் செய் என்கிறார்கள். ஒரு கோப்பு ஐம்பது கோப்பாகிறது. தான் எழுதாத கோட் தான் எழுதியதைவிடப் பல மடங்கு பெருகுகிறது. அந்தக் கோட் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது, யார் அதைத் தேடிப் பிடிக்கிறார் என்ற கேள்வி அப்போதுதான் முதன்முறையாக எழுகிறது. பதில் சொல்ல ஆளில்லை.

இம்போர்ட் என்று எழுதியதும் பைத்தன் செய்வது எளிமையான வேலை. அந்தப் பெயர் ஏற்கனவே நினைவகத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் ‘சிஸ் பாத்’ என்ற பட்டியலை எடுத்து, அதிலுள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் திறந்து பார்க்கும். அந்த வரிசையில் முதலிடம், ஓடவிட்ட ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு. பிறகு பைத்தனோடு வந்த நூலகங்கள். கடைசியில்தான் பிப் இறக்கிவைக்கும் ‘சைட் பெக்கேஜஸ்’. பெயர் எங்கே முதலில் அகப்படுகிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியில் பொத்துவிலைத் தாண்டினால் ஊருக்கு ஊர் ஒரு பிரதான வீதி உண்டு. ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, பிரதான வீதி என்று மட்டும் எழுதிய கடிதம் வழியில் முதலில் வரும் ஊரிலேயே இறங்கிவிடும். இம்போர்ட்டும் அப்படித்தான்.

ஃப்ளாஸ்க்கைப் பரீட்சித்துப் பார்க்க ஒருவர் தன் கோப்புக்கே ‘ஃப்ளாஸ்க்’ என்று பெயர் வைத்தால், பைத்தன் அந்தக் கோப்பையே ஃப்ளாஸ்க் என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் தேடிய பெயர் இல்லை என்று முறையிடுவது இதனால்தான். ‘ரேண்டம்’, ‘ஈமெயில்’ என்று பெயர் வைப்பவர்களுக்கும் இதே கதி. 2024 ஒக்டோபரில் வந்த பைத்தன் 3.13 இதைக் கண்டுபிடித்து, உன் கோப்பின் பெயர் பைத்தனின் சொந்த நூலகத்தின் பெயரோடு மோதுகிறது, பெயரை மாற்றிப் பார் என்று தானே சொல்கிறது. பழைய பதிப்புகளில் அந்த உதவி கிடையாது.

தேடும் பட்டியல் பைத்தனுக்குப் பைத்தன் வேறு. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பைத்தன் என்பதுதான். ஒரு சாதாரண லெப்டொப்பில் இரண்டு மூன்று பைத்தன்கள் இருப்பது வெகு சகஜம். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியது ஒன்று, மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் ஏதோ ஒரு நாள் அழுத்தியதால் வந்தது ஒன்று, டேட்டா சயன்ஸ் வகுப்புக்காகப் போட்ட அனகொண்டா இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சைட் பெக்கேஜஸ், தனித்தனிப் பிப். டேர்மினலில் பிப் என்று அடிக்கும்போது ஒன்று பேசுகிறது; விஎஸ் கோடில் ஓடவிடும்போது மற்றொன்று ஓடுகிறது. இன்ஸ்டோல் ஆகியிருக்கிறது என்பதும் இல்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான். ‘பைத்தன் ஹைஃபன் எம் பிப்’ என்று தொடங்கிக் கட்டளை கொடுத்தால், எந்தப் பைத்தனை ஓடவிடுகிறோமோ அதன் பிப்தான் பேசும். இந்த ஒரு பழக்கமே பாதித் துன்பத்தைத் தீர்த்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறு பாதிக்கு மருந்து, ப்ரொஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் தனி வேர்ச்சுவல் என்விரோன்மென்ட், அதாவது வென்வ். பைத்தன் 3.3 வெளிவந்த 2012 முதல் இது பைத்தனோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் வென்வ் உண்டாக்குவது ஒரு வேலை, அதை இயக்கிவிடுவது இன்னொரு வேலை. விண்டோஸின் பவர்ஷெல்லில் இயக்கப் போனால், இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட்கள் ஓடத் தடை இருக்கிறது என்று சிவப்பில் ஒரு பந்தி வருவதுண்டு. அதை வாசிக்காமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறார்கள். வென்வ் இயங்கவே இல்லை. அதன்பின் இன்ஸ்டோல் செய்ததெல்லாம் பொதுப் பைத்தனுக்குள் போய்ச் சேர்கிறது. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கும் கண் வேண்டும்.

ஜாங்கோவை உருவாக்கியவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். ப்ரொஜெக்டோடு வரும் ‘மேனேஜ்’ கோப்பைத் திறந்து பார்த்தால், ஜாங்கோவை இம்போர்ட் செய்ய முடியாமல் போனால் என்ன சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்திருப்பது தெரியும். ஜாங்கோ இன்ஸ்டோல் ஆகியிருக்கிறதா, பைத்தன் தேடும் பாதையில் இருக்கிறதா, வேர்ச்சுவல் என்விரோன்மென்டை இயக்க மறந்துவிட்டாயா. முழு வைத்தியமும் அந்த ஒரு செய்தியில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதை வாசிப்பதில்லை, படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஆங்கிலம் நீளமாக வந்தால் கண் தானாக நழுவிவிடுகிறது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பைத்தனின் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் போதும். கடைசி வரி என்ன பிழை என்று சொல்லும். அதற்கு மேலுள்ள வரிகள் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று சொல்லும். அந்தக் கோப்பின் முழு முகவரியைப் பார்த்தாலே எந்தப் பைத்தன் ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கடைசி வரியிலும் இரண்டு சாதி உண்டு. 2016 டிசம்பரில் வந்த பைத்தன் 3.6 முதல், மொடியூலே அகப்படாவிட்டால் ஒரு பெயர், மொடியூல் அகப்பட்டு அதற்குள் தேடிய பொருள் இல்லாவிட்டால் இன்னொரு பெயர். முன்னது ‘மொடியூல்நொட்ஃபவுண்ட்எரர்’. பின்னது ‘கெனொட் இம்போர்ட் நேம்’ என்று முறையிடும் வெறும் ‘இம்போர்ட்எரர்’. முன்னதற்குப் பிப் சில நேரம் மருந்தாகலாம். பின்னதற்குப் பிப் இன்ஸ்டோல் போட்டுப் பயனில்லை, ஏனெனில் பொருள் வந்து சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் அதன் பதிப்புத்தான் தவறு. இந்த வேறுபாட்டைத் தெரிந்தவர் பாதி வழி வந்துவிட்டார்.

பெயர்க் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிப்பிடம் கேட்கும் பெயரும் கோடில் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. பில்லோ என்று இறக்கியதை பிஐஎல் என்று அழைக்க வேண்டும். தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் ஓபன்-தமிழ் நூலகத்தை அந்தப் பெயரில் இறக்கி, ‘தமிழ்’ என்று இம்போர்ட் செய்ய வேண்டும். மைஎஸ்கியூஎல் இணைப்புக்கு மைஎஸ்கியூஎல்கிளையன்ட் என்று இறக்கினால் ஜாங்கோ உள்ளே தேடுவது மைஎஸ்கியூஎல்டிபி. இந்தப் பெயர் விவரத்தை அந்த நூலகத்தின் சொந்த ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும். ஊகித்துப் பெயர் அடிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2019 டிசம்பரில் பைத்தனின் பொதுக் களஞ்சியத்திலிருந்து, ஜெல்லிஃபிஷ் என்ற நூலகத்தின் பெயரில் ஒரு சிறிய எல்லுக்குப் பதில் பெரிய ஐ எழுதிய திருட்டு பெக்கேஜ் ஒன்றை நீக்கினார்கள். கணினியின் இரகசியச் சாவிகளைக் கவர்வதே அதன் வேலை. இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத பெக்கேஜ் பெயரைக்கூட நம்பிக்கையோடு சொல்லிவிடுகின்றன. அப்படிப்பட்ட பெயரில் எவனாவது ஒன்றைப் பதிந்து வைத்திருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பதிப்பு விவகாரம்தான் நம் கரையில் அதிகம் கடிக்கிறது. பிள்ளைகள் படிப்பது பழைய யூடியூப் பாடங்களில். தொடங்குவது சீனியர் பென் டிரைவில் கொடுத்த ப்ரொஜெக்டில். பிப்போ, எதுவும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், இன்றைய புதிய பதிப்பை இறக்கிக்கொடுக்கும். நேற்றைய கோடும் இன்றைய நூலகமும் சந்திக்கும் இடத்தில் பிழை வெடிக்கிறது.

ஜாங்கோவின் முகவரிகளைக் கையாளும் பகுதி ‘ஜாங்கோ கோர் யூஆர்எல்ரிசோல்வர்ஸ்’ என்ற இடத்தில் இருந்தது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் அந்த இடமே நீக்கப்பட்டு, ‘ஜாங்கோ யூஆர்எல்ஸ்’ மட்டும் மிஞ்சியது. 2021 டிசம்பரின் 4.0, பழைய பாடங்களில் வரிக்கு வரி வரும் ‘யூஆர்எல்’ சார்பை அதன் பழைய இடத்திலிருந்து எடுத்துவிட்டது. மொழிபெயர்ப்புக்கான ‘யூகெட்டெக்ஸ்ட்’டும் அதோடு போயிற்று. ஃப்ளாஸ்க்கின் கதை இன்னும் கொடியது. அது வெர்க்ஸெக், ஜின்ஜா என்ற வேறு நூலகங்களின் மேல் நிற்கிறது. பழைய ஃப்ளாஸ்க் பதிப்புகள் அவற்றுக்குக் குறைந்தபட்சப் பதிப்பைச் சொன்னதேயொழிய மேல் எல்லை வைக்கவில்லை. 2022 மார்ச்சில் ஜின்ஜா 3.1 ‘எஸ்கேப்’பைக் கைவிட்டதும் ஃப்ளாஸ்க் 1.1இல் எழுதிய ப்ரொஜெக்ட்கள் விழுந்தன. 2023 செப்டெம்பர் 30இல் வெர்க்ஸெக் 3.0 ‘யூஆர்எல் குவோட்’டைக் கைவிட்டதும் ஃப்ளாஸ்க் 2.2 வரிசையில் நின்றவை விழுந்தன. ஃப்ளாஸ்க்கின் பதிப்பை மட்டும் குறித்து வைத்த கவனமான மாணவரும் இதில் தப்பவில்லை. அவர் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை; முந்தின நாள் ஓடிய கோட், மறுநாள் புதிய கணினியில் எல்லாவற்றையும் இறக்கியதும் ஓடவில்லை. இங்கே மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது.

பைத்தனும் தன் பங்குக்குக் கழித்துக்கொண்டே வருகிறது. 2023 ஒக்டோபரின் 3.12இல் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’, ‘இம்ப்’ இரண்டும் போயின. புதிய வென்வோடு ‘செட்டப்டூல்ஸ்’ தானாக வருவதும் நின்றது. அதனால் ‘பிகேஜி ரிசோர்ஸஸ்’ இல்லை என்ற முறையீடு பெருகியது. 3.13இல் ‘சிஜிஐ’ போனது. பழைய ஜாங்கோ பதிப்புகள் அதைத் தேடித் தோற்கின்றன. இவ்வகைப் பிழையில் பிப்பிடம் ‘சிஜிஐ’ கேட்டு அலைவது வீண். ப்ரொஜெக்ட் எழுதப்பட்ட காலத்துப் பைத்தனைத் தேடி எடுத்து, அதற்கென்று ஒரு வென்வ் அமைப்பதே குறுக்கு வழி. நீண்ட வழி, கோடைப் புதுப்பிப்பது. எதைத் தெரிவு செய்தாலும், கையிலிருக்கும் ப்ரொஜெக்ட் எந்த ஆண்டுப் பிள்ளை என்பது முதலில் தெரிய வேண்டும்.

பென் டிரைவில் கைமாறும்போது வேறொரு தவறும் நடக்கிறது. வென்வ் ஃபோல்டரையும் அப்படியே பிரதி செய்து கொடுத்துவிடுகிறார்கள். வென்வ் தன்னை உண்டாக்கிய கணினியின் முழு முகவரிகளை உள்ளே எழுதி வைத்திருக்கும். கொடுத்தவரின் பெயரிலுள்ள ஃபோல்டர் வாங்கியவரின் லெப்டொப்பில் இல்லை. அது அங்கே வேலை செய்யாது, செய்யவும் கூடாது. கொடுக்க வேண்டியது, என்னென்ன பெக்கேஜ், எந்தப் பதிப்பு என்று எழுதிய ‘ரெக்வயர்மென்ட்ஸ்’ கோப்பு. மாத இறுதியில் டேட்டா தீர்ந்துபோகும் வீடுகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘பிப் டவுன்லோட்’ மூலம் பெக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்துக்கொண்டால், நெட்டே இல்லாமல் அந்த ஃபோல்டரிலிருந்து எத்தனை கணினிக்கும் இன்ஸ்டோல் செய்யலாம். பைத்தன் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வகுப்பறைக்கே ஒரு தரம் இறக்கினால் போதும்.

ப்ரொஜெக்டின் சொந்தக் கோப்புகளுக்குள் நிகழும் பிழைகளில் இரண்டு முக்கியம். மொடல்ஸ் கோப்பு வியூஸை இம்போர்ட் செய்ய, வியூஸ் மொடல்ஸை இம்போர்ட் செய்ய, இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்பது முதலாவது. பைத்தன் 3.8 முதல், இது சுற்று இம்போர்ட்டாக இருக்கலாம் என்று செய்தியிலேயே குறிப்பு வருகிறது. இரண்டாவது, எழுத்தின் அளவு. விண்டோஸ் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த ஃபோல்டர் பெயரைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சேர்வர் பொருட்படுத்தும். வீட்டில் ஓடிய ப்ரொஜெக்ட் சேர்வரில் ஏற்றியதும் மொடியூல் இல்லை என்றால், கிட் களஞ்சியத்தில் கோப்பின் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

பைத்தனை விட்டு வெளியே போனாலும் நிலைமை இதே. இங்கே எக்ஸாம்ப் போட்டு பிஎச்பியில் வேலை செய்வோர் ஏராளம். லாராவெல் ப்ரொஜெக்டைக் கிட்டிலிருந்து எடுத்ததும் ஒன்றும் ஓடாது, ஏனெனில் ‘வெண்டர்’ ஃபோல்டர் கிட்டில் போவதில்லை; கொம்போசர் இன்ஸ்டோல் கொடுக்க வேண்டும். 2020 செப்டெம்பரின் லாராவெல் 8, கண்ட்ரோலர் பெயருக்கு முன்னால் நேம்ஸ்பேஸைத் தானாகச் சேர்ப்பதை நிறுத்தியதும், பழைய பாடத்தைப் பார்த்து ரூட் எழுதியவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு கிளாஸ் இல்லை என்ற பதில் வந்தது. ஜாவாஸ்கிரிப்டின் நோட் உலகில், ‘ரெக்வயர்’, ‘இம்போர்ட்’ என்ற இரண்டு முறைகள் ஒரே வீட்டில் குடியிருப்பதே தலைவலி. அங்கே 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினொரு வரி பெக்கேஜை அதன் ஆசிரியர் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், உலகெங்கும் பெரிய ப்ரொஜெக்ட்கள் கட்டமுடியாமல் நின்றன.

நம் மாவட்டத்தோடு நேரடி உறவுள்ள ஒரு மென்பொருளில் இந்தக் கேள்வியை மிகச் சரியாகக் கையாண்டிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் ஏறியபோது, இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அதை இன்னும் சுமக்கின்றன. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன நிவாரணம் தேவை என்று பதிய ஒரு முறை இல்லாத அந்த வாரங்களில், இந்நாட்டு மென்பொருளாளர்கள் தன்னார்வமாகக் கூடி எழுதியதுதான் ‘சஹானா’. முதலில் பிஎச்பியில் இருந்தது. 2006இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் பைத்தனில், வெப்2பை என்ற ஃப்ரேம்வர்க்கின் மேல், ‘ஈடன்’ என்ற பெயரில் புதிதாக எழுதப்பட்டது.

அனர்த்தம் நடந்த இடத்தில், கிடைத்த கணினியில், அவசரமாக இன்ஸ்டோல் செய்ய வேண்டிய மென்பொருள் அது. மொடியூல் இல்லை என்று அது பாதியில் விழுந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே ஈடனில் தேவைப் பட்டியல் இரண்டு கோப்புகளாக இருக்கிறது: இல்லாவிட்டால் ஓடவே முடியாதவை ஒன்று, இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடியவை மற்றொன்று. தொடங்கும்போதே அது எல்லாவற்றையும் பரிசோதிக்கிறது. அடிப்படையான ‘எல்எக்ஸ்எம்எல்’ இல்லை என்றால் அதைச் சொல்லி நிற்கிறது. பிடிஎஃப் தயாரிக்கும் நூலகம் இல்லை என்றால் அந்த வசதி மட்டும் கிடைக்காது என்று எச்சரித்துவிட்டு மேலே ஓடுகிறது. வெப்2பையின் பதிப்பு போதுமானதா என்றும் பார்க்கிறது. இன்ஸ்டோல் செய்பவர் திகைத்து நிற்பார் என்பதை எழுதியவர் முன்கூட்டியே நினைத்திருக்கிறார். இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ கணினி படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஈடனின் மூலக் கோடை ஒரு முறை திறந்து அந்தப் பரிசோதனைப் பகுதியை வாசிக்க வேண்டும் என்பேன்.

பெரிய ப்ரொஜெக்டுக்கே இது அவசியம், இறுதியாண்டு வேலைக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்மிடம் ப்ரொஜெக்ட்கள் சாவதே கைமாறும் இடத்தில்தான். பள்ளிவாசல் கணக்குக்கும் கைத்தறிக் கடை விற்பனைக்கும் டிஸ்பென்சரி டோக்கனுக்கும் பிள்ளைகள் நல்ல வேலை செய்கிறார்கள். மதிப்பெண் போட்ட பின் அது ஒரு சீடியிலோ ட்ரைவிலோ உறங்குகிறது. அடுத்த பெச் எடுத்து ஓடவிட்டால் மொடியூல் இல்லை. ஆகவே அவர்களும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இந்த ஆண்டு ப்ரொஜெக்ட் ஒப்படைக்கப் போகும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பதிப்பு எண்களோடு ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை வையுங்கள். எந்தப் பைத்தன் என்று ஒரு வரி எழுதுங்கள். வென்வ் ஃபோல்டரை விட்டுவிடுங்கள். எப்படி ஓடவிடுவது என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, உங்களுடையதல்லாத ஒரு லெப்டொப்பில் அந்தப் பக்கத்தைப் பார்த்தே ஓடவிட்டுச் சரிபாருங்கள். மேற்பார்வை செய்யும் ஆசிரியர்களே, அந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள்.